ஆள்காட்டி அலறும் தொலைவு

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஆள்காட்டிக் குருவி தரையில் இட்டிருந்த நான்கு முட்டைகளைப் படம் எடுத்தேன். மறைத்த புற்களை விலக்கினேனே தவிர முட்டைகளைத் தொடவில்லை. மறுநாள் ஒரு முட்டைகூட இல்லை. தவறு என்னுடையதா?
— வாசகர், திண்டிவனம்

பதில்: முட்டைகளைத் தூக்கிச் சென்றது எது என்று நேரில் காணாமல் சொல்ல இயலாது, ஆயினும் உங்களுக்கும் அதில் பங்குண்டு என்றே கருதுகிறேன். ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. தரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிலும் சில கூழாங்கற்கள், அவ்வளவுதான். மண்ணிறமும் கரும்புள்ளிகளும் கொண்ட அம்முட்டைகளுக்குக் கண்ணில் படாதிருப்பதே காவல். புல்லை விலக்கியதும் உங்கள் கேமராவுக்குக் கிடைத்த அதே காட்சி காக்கைக்கும் கீரிக்கும் கிடைத்திருக்கும்.

வெயிலையும் எண்ணிப்பாருங்கள். கோடை நண்பகலில் இப்பறவைகள் முட்டைகளின் மேல் அமர்வது பெரும்பாலும் அவற்றைச் சூடேற்றுவதற்காக அன்று. நிழல் தருவதற்காகவும், நீரில் நனைத்து வந்த வயிற்றிறகுகளால் குளிர்விப்பதற்காகவுமே. நீங்கள் அருகில் நின்ற நேரமெல்லாம் தாயும் தந்தையும் தலைக்குமேல் அலறியபடி சுற்றியிருக்கும். முட்டைகள் வெயிலில் கிடந்திருக்கும். ஆள் வந்ததைக் காட்டிக்கொடுப்பதால்தான் நம் முன்னோர் அதற்கு அந்தப் பெயரே வைத்தார்கள். அது அலறினால் நீங்கள் நிற்கக்கூடாத இடத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளுக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்து, அவற்றைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996), முதுமலையில் வளர்ப்பு யானையின் மேலமர்ந்து காட்டு யானைகளைப் படம் எடுத்தவர். விலங்கு தன் போக்கில் இருக்கும்போது எடுத்த படத்துக்கும், மிரண்டு நம்மைப் பார்க்கும்போது எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாடு அவருடைய படங்களைப் பார்த்தாலே விளங்கும். யானைக்கு நாம் எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஏரிக்கரையில் நிறுத்திய காரே நல்ல மறைவிடம். கதவைத் திறக்காமல், 400 மி.மீ. லென்சுடன் காலையிலோ மாலையிலோ காத்திருந்தால், பறவை தானே வந்து முட்டைகளின்மேல் அமரும். அமரவில்லையென்றால் வண்டியைப் பின்னால் எடுங்கள். படத்தை வெளியிடும்போது இடத்தைக் குறிப்பிடாதீர்கள்.

முட்டைகளை இழந்த இணை அப்பருவத்திலேயே மீண்டும் முட்டையிடுவதுண்டு. அவ்வாறு இட்டால், இம்முறை புல்லோடு சேர்த்தே படம் எடுங்கள்.