‘சேவை’ என்று எழுதிய தாள்

கேள்வி: அரசு மானியத்தில் நடக்கும் ஒரு வயது வந்தோர் கல்வி மையத்தில் ஏழு ஆண்டுகளாக ஒப்பந்தப் பயிற்றுநராக இருக்கிறேன். மாதம் 8,000 ரூபாய். ஒரு நாள் வராவிட்டால் பிடித்துக்கொள்வார்கள். பதினொரு மாதம் வேலை, ஒரு மாதம் இடைவெளி, மறுபடியும் புதுத் தாளில் கையெழுத்து. இந்த ஆண்டுத் தாளில் ‘பயிற்றுநர்’ போய் ‘தன்னார்வலர்’ வந்திருக்கிறது. ‘சம்பளம்’ போய் ‘மதிப்பூதியம்’ வந்திருக்கிறது. கேட்டால், “இது சேவை அம்மா, பணத்துக்காகவா வருகிறீர்கள்?” என்கிறார் செயலாளர். வெளியில் இரண்டு பேர் இந்த வேலைக்குக் காத்திருக்கிறார்களாம். சம்பளம் என்று கேட்பது பேராசையா? நான் என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பேராசையா என்று கேட்டிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். ஏழு ஆண்டு மற்றவர்களுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். தாளில் இரண்டு சொற்கள் மாறியதைச் சரியாகப் படித்துவிட்டீர்கள். படித்துவிட்டு, போயும் போயும் உங்கள் மேலேயே சந்தேகப்படுகிறீர்கள்.

‘தன்னார்வலர்’ இப்போது நாகரிகமான சொல். மத்திய அரசு 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடம்தான் விட்டிருக்கிறது. அங்கிருந்து சொல்லை மட்டும் உங்கள் செயலாளர் கடன் வாங்கிக்கொண்டார் போலும். தன்னார்வலர் விடுப்புக் கடிதம் எழுதுவதில்லை. வராத நாளுக்கு அவரிடம் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, குறித்த நேரம், பிடித்தம் எல்லாம் வைத்துவிட்டு ‘தன்னார்வம்’ என்றால், நெல்லை அளந்து வாங்கிக்கொண்டு நன்கொடை ரசீது கொடுப்பதைப் போன்றது அது.

நானும் தன்னார்வலனாக இருந்தவன்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சேர்ந்து, ஒரு திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். காசு வாங்கவில்லை என்று பெருமையடித்துக்கொண்டும் திரிந்தேன். இரவில் வீட்டுக்குப் போனால் அப்பாவின் சம்பளத்தில் சோறு இருந்ததை அந்தப் பெருமையில் கழித்துக்கொள்ளத் தோன்றவில்லை. சேவை செய்ய எனக்கு வசதி இருந்தது. உங்களுக்கும் இருக்கிறதா என்று உங்கள் செயலாளர் விசாரித்தாரா?

இந்த மாவட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே அதிகம். “இங்கே எல்லோரும் படித்தவர்கள்தானே” என்று சொல்லியே வயது வந்தோர் கல்வியை மாலை நேரப் பொழுதுபோக்காக்கிவிட்டார்கள். மிச்சமிருக்கும் எட்டே கால் விழுக்காடு அல்லவா உங்கள் வகுப்பு! விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர், அண்டி ஆபீஸ் என்னும் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்து விரலெல்லாம் கறையேறியவர், குளச்சல் பக்கம் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வருகிறவர். ‘இனி எனக்கு எதற்குப் படிப்பு’ என்பவரை வாசல் வரை போய் அழைத்துவந்து, பஸ் போர்டு படிக்கவும் குழுக் கணக்கில் கையெழுத்துப் போடவும் பழக்குவது எளிதான வேலை அல்ல. எளிதாக வரக்கூடியவர்கள் எப்போதோ படித்துவிட்டார்கள்.

உங்கள் ஊர்த் தேனுக்குப் பின்னாலும் வயது வந்தோர் கல்விதான் இருக்கிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் கிராம மையம் வைத்துத் தேனீ வளர்ப்பைப் பரப்பிய ஸ்பென்சர் ஹாட்ச், ஒய்.எம்.சி.ஏ.வின் முழுநேர ஊழியர். அவர் செய்ததை யாரும் சேவை இல்லை என்று சொல்லிவிடவில்லை.

இனி சட்டம். உங்களைப் போன்ற பயிற்றுநர்களின் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது: ஜெய்பால் எதிர் ஹரியானா அரசு, 1988. வயது வந்தோர் கல்வித் திட்டத்தில் மாதம் 200 ரூபாய்க்கு வேலை பார்த்தவர்கள். நடுநடுவே இடைவெளி விட்டு மறுபடி அமர்த்தப்பட்டவர்கள். ‘இவர்கள் பகுதிநேரத்தார்’ என்றது அரசு. கற்பித்ததோடு ஆள் சேர்க்கும் வேலையையும் இவர்கள் செய்ததைப் பார்த்த நீதிமன்றம், இதே வேலையைச் செய்த மற்றொரு பிரிவு ஆசிரியர்களின் ஊதிய விகிதத்தையே கொடுக்கச் சொன்னது. செயற்கையான இடைவெளிகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் சொன்னது.

உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். பணி நிரந்தரம் அந்தத் தீர்ப்பிலேயே கிடைக்கவில்லை. திட்டமே தற்காலிகமானது என்றார்கள். 2006இல் வந்த உமாதேவி வழக்கின் தீர்ப்பு அந்தக் கதவை இன்னும் இறுக்கிவிட்டது. தவிர, ஜெய்பால் தீர்ப்பு அரசை நோக்கியது. ‘நாங்கள் தனி நிறுவனம், மானியம் மட்டும்தான் வாங்குகிறோம்’ என்று உங்கள் செயலாளர் நழுவப் பார்ப்பார். தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், அதே 1988இல் சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர் அப்போதிருந்த தொழிற்தகராறு சட்டப்படி ‘தொழிலாளி’ ஆகமாட்டார் என்று தீர்ப்பாகிவிட்டது. ஒரே ஆண்டில் ஒரு கை கொடுத்தது, மறு கை எடுத்துக்கொண்டது.

ஆகவே நிரந்தரத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம். வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தர வேண்டிய பணிக்கொடையைப் பற்றிப் பேசுங்கள். 2009இல் வந்த சட்டத் திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களையும் பணிக்கொடைக்குள் கொண்டுவந்தது. மையத்தை நடத்தும் நிறுவனத்தில் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும். பொதுவாக ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும். ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த ஆண்டு தொடர்பணிதான். பதினொரு மாதம் போகிறவருக்கு அது பெரும்பாலும் தேறிவிடும். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்குங்கள். 8,000 ரூபாய், ஏழு ஆண்டு: ஏறத்தாழ 32,300 ரூபாய். அந்த இரண்டு சொற்கள் ஏன் மாறின என்று இப்போது புரிகிறதா? ‘தன்னார்வலர்’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், நாளைக்கு இந்தத் தொகையைக் கேட்கும்போது உங்கள் தாளையே உங்கள் முன்னால் நீட்டுவார்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு கடிதம் கொடுங்கள்: ‘ஏழு ஆண்டுகளாகச் சம்பளம் பெறும் பயிற்றுநராகப் பணியாற்றுகிறேன், பதவியின் பெயரை மாற்ற எனக்குச் சம்மதமில்லை.’ நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வேலையை இழக்க முடியாத நிலை என்றால் கையெழுத்துக்கு மேலே ‘மறுப்புடன்’ என்று எழுதிவிட்டுப் போடுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. பழைய ஒப்பந்தத் தாள்கள், வங்கிப் பாஸ்புக், வருகைப் பதிவேட்டின் படம் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். மையத்து அலமாரியில் வைக்காதீர்கள்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. மானியம் தரும் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் பெயரில் போடப் பயமென்றால் வீட்டில் வேறு யாராவது போடலாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த மையத்தின் பயிற்றுநர் ஒருவருக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது?’

பதில் வந்ததும் தொகையை எனக்கு எழுதுங்கள். அது 8,000தானா என்று பார்க்க எனக்கும் ஆவலாக இருக்கிறது. இந்த முறையும் உங்கள் பெயரைப் போடமாட்டேன்.