வாசகர் கேள்வி பதில்: வழி சொன்னவருக்கும் தங்க மெடலா?

கேள்வி: 2022 பர்மிங்காம் காமன்வெல்த் கேம்ஸ்ல பார்வைக் குறைபாடு உள்ளவங்க லான் பவுல்ஸ்ல தங்கம் ஜெயிச்சப்போ, கூட நின்னு வழி சொன்ன 75 வயசு பெரியவருக்கும் மெடல் குடுத்தாங்களாம். அவர் பந்தையே தொடலையே சார், நியாயமா? (வாசகர், ஈரோடு)

பதில்: நியாயம்தாங்க. நீங்க சொல்றவர் ஸ்காட்லாந்து ஜார்ஜ் மில்லர், மெலனி இன்னஸுக்கு டைரக்டரா, அதாவது பக்கத்துல நின்னு வழி சொல்றவரா இருந்தவர். ஜோடியில இன்னொருத்தர் ராபர்ட் பார், அவருக்கு டைரக்டர் சாரா ஜேன் யூயிங். நாலு பேரும் சேர்ந்துதான் டீம். லான் பவுல்ஸ்னா புல்தரையில பந்தை உருட்டி, ஜாக்னு சொல்ற சின்ன வெள்ளைப் பந்துக்குக் கிட்ட நிறுத்துற ஆட்டம். அந்த ஜாக் எவ்வளவு தூரத்துல கிடக்குது, நாம விட்ட பந்து எங்க போய் நின்னுச்சு, இதெல்லாம் டைரக்டர் வாயால சொல்லுவாரு, கடிகார முள் கணக்குல "நாலு மணி, ஒரு மீட்டர்"னு சொன்னா அவங்க மனசுல உடனே படம் விழுந்துடும். ஆனா லான் பவுல்ஸ் பந்து நேரா ஓடாது, வேகம் குறையக் குறைய ஒரு பக்கமா வளைஞ்சுதான் போகும், அதனால எவ்வளவு பக்கவாட்டுல தள்ளிக் குறி வைக்கணும் எவ்வளவு வேகம் வேணும்னு கணக்குப் போடுறது முழுக்க விளையாடுறவங்க கையிலதான், அதை எந்த டைரக்டராலயும் சொல்லிக் குடுத்துட முடியாது. அதே கேம்ஸ்ல லான் பவுல்ஸ் இன்னொரு பிரிவுல பாலின் வில்சனோட சேர்ந்து தங்கம் வாங்கின ஸ்காட்லாந்து ரோஸ்மேரி லென்டனுக்கு வயசு 72! நம்ம இந்தியப் பொண்ணுங்க நாலு பேர் லான் பவுல்ஸ்ல தங்கம் அடிச்சதும் அதே லெமிங்டன் ஸ்பா மைதானத்துலதான், அது எல்லாருக்கும் தெரியும், இந்த ஸ்காட்லாந்துக்காரங்களைப் பத்தி யாருமே பேசலைங்கிறதுல எனக்கு ரொம்ப வருத்தம்.

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு, செரிபிரல் பால்சி, வீல்சேர்லதான் இருக்கான். மால்ல பவுலிங் பார்த்துட்டு தானும் போட்டியில ஆடணும்ங்கிறான். வழி இருக்கா? (வாசகி, திருப்பூர்)

பதில்: கண்டிப்பா இருக்கும்மா. மால்ல ஆசைக்கு ஆட, பந்தை வெச்சு உருட்டி விடுற ராம்ப் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. ஆனா போட்டின்னு வந்தா நான் போச்சியாவைத்தான் சொல்லுவேன், 1984லேருந்து பாராலிம்பிக்ஸ்ல இருக்கு, இந்தியாவுலயும் நேஷனல் லெவல்ல நடக்குது. பந்து 275 கிராம்தான், சிவப்பு ஆறு, நீலம் ஆறு, வெள்ளை ஜாக் ஒண்ணு, யாரு பந்து ஜாக்குக்குக் கிட்ட நிக்குதோ அவங்களுக்குப் பாயின்ட். கையால எறியலாம், காலால உதைக்கலாம், ரெண்டும் முடியாதவங்களுக்கு பிசி3ன்னு தனிப் பிரிவே இருக்கு, அவங்க ராம்ப்ல உருட்டுவாங்க, கை வராட்டி தலையில மாட்டின குச்சியால தட்டி விடுவாங்க. ராம்பை நகர்த்த ஒரு உதவியாளர் உண்டு, ஆனா அவர் கோர்ட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உக்காரணும், திரும்பிப் பார்க்கவே கூடாது! "கொஞ்சம் இடது, இன்னும் மேல"ன்னு பையன் சொல்லச் சொல்ல நகர்த்தணும், அவ்வளவுதான். மேல சொன்ன லான் பவுல்ஸ்ல டைரக்டர் கண்ணைக் குடுக்குறாரு கையைக் குடுக்கல, இங்க உதவியாளர் கையைக் குடுக்குறாரு கண்ணைக் குடுக்கல, ஆட்டம் ரெண்டுலயும் விளையாடுறவங்களோடதுதான். பெரும்பாலும் அப்பா அம்மாதான் அந்த உதவியாளரா உக்காருவாங்க, நீங்களும் உக்காரலாம். எந்தப் பிரிவுன்னு பரிசோதிச்சு முடிவு பண்றவங்க சொல்லுவாங்க, அதுவரைக்கும் வீட்டுக் கூடத்துலயே உருட்டிப் பழகட்டும்.

கேள்வி: பவுலிங் ஏன் பாராலிம்பிக்ஸ்ல இல்ல? (வாசகர், சேலம்)

பதில்: லான் பவுல்ஸ் இருந்துச்சு, 1996 அட்லாண்டாவோட போச்சு. பின்னை அடிச்சுச் சாய்க்கிற டென்பின் அங்க வந்ததே இல்ல. 2018 ஜகார்த்தா ஆசிய பாரா கேம்ஸ்ல டென்பின் இருந்துச்சு, அடுத்து ஹாங்ஜோவுல அதையும் எடுத்துட்டாங்க. வருஷக்கணக்கா பழகினவங்களுக்கு இது பெரிய அநியாயம்னுதான் நான் சொல்லுவேன்.