டென்டல் ஸ்கூல் பட்டியல்: டெலவேர் அம்மாவுக்கு ஒரு பதில்

அக்கா என்று உரிமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையிலேயே நானும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்க மகள் எந்தப் பள்ளிகளுக்கு, எத்தனைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டு நீங்கள் அனுப்பிய எக்செல்லில் 19 டென்டல் ஸ்கூல் இருக்கின்றன. அவற்றில் ஏழுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டுவதும் ஒன்று, கோவில் உண்டியலில் போடுவதும் ஒன்று. உண்டியலில் போட்டால் புண்ணியமாவது மிஞ்சும்.

எங்கிருந்தோ ஒரு 'டாப் டென்டல் ஸ்கூல்' வரிசையை எடுத்து, மேலிருந்து கீழே அப்படியே இறக்கியிருக்கிறீர்கள். 'ரேங்க்' என்று தனிப் பத்தி (நெடுவரிசை) வேறு. பொறியியல் கல்லூரி தேடிப் பழகிய வீட்டில் கை அப்படித்தான் போகும், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மருத்துவக் கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் யூ.எஸ். நியூஸ் பத்திரிகையே டென்டல் ஸ்கூல்களைத் தரவரிசைப்படுத்துவதில்லை. பல் மருத்துவப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் 'கோடா' அமைப்பு ஏற்ற எந்தப் பள்ளியில் முடித்தாலும், உரிமத்துக்காக எழுதப்போவது ஒரே ஐ.என்.பி.டி.இ. தேசியத் தேர்வுதான். அதிலும் பாஸ் அல்லது ஃபெயில், மதிப்பெண் கிடையாது. டி.டி.எஸ்., டி.எம்.டி. என்று பள்ளிக்குப் பள்ளி பட்டப்பெயர் மாறினாலும் இரண்டும் ஒரே படிப்பு. 1867-ல் தொடங்கிய ஹார்வர்டு, லத்தீன் மொழியில் பட்டப்பெயர் வைக்க ஆசைப்பட்டதால் வந்த இரட்டைப் பெயர் அது. ஆர்த்தோ (பல்வரிசை சீரமைப்பு), ஓரல் சர்ஜரி (வாய் அறுவை சிகிச்சை) என்று மேலே போக நினைப்பவர்களுக்குப் பள்ளியின் பெயர் கொஞ்சம் உதவும், மறுக்கவில்லை. உங்கள் மகள் ஜெனரல் டென்டிஸ்ட் ஆனால் போதும் என்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே அந்த ரேங்க் பத்தியை அழித்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்று, இந்தப் பள்ளி வெளி மாநிலத்துப் பிள்ளைகளை உண்மையிலேயே எடுக்கிறதா? இரண்டு, நான்கு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?

முதலில் அடிபடுபவற்றைச் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் டெக்சஸ் அரசுப் பள்ளிகள் மூன்று இருக்கின்றன: ஹூஸ்டன், சான் அன்டோனியோ, டல்லஸில் இருக்கும் டெக்சஸ் ஏ அண்ட் எம். அந்த மாநிலச் சட்டப்படி வெளியாருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் இடம் தர முடியாது. அந்தப் பத்துக்கு நாடு முழுக்கப் போட்டி.  நான்காவது, வட கரோலினாவின் ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழகம். 'ஃபீஸ் ரொம்பக் குறைவு' என்று பச்சை நிறம் அடித்திருக்கிறீர்கள். குறைவுதான், ஆனால் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களை மட்டுமே எடுக்கும் பள்ளி அது. மீதி மூன்றும் ஏறக்குறைய இதே ரகம்தான். சிவப்பில் குறித்து அனுப்பியிருக்கிறேன்.

இந்த விவரத்தை எங்கே பார்ப்பது என்று கேட்பீர்கள். ஏ.டி.இ.ஏ. எனப்படும் அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கம் பள்ளிவாரியாக எண்களைத் தொகுத்துத் தருகிறது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று உள்மாநிலம், வெளிமாநிலம் பிரித்தே இருக்கும். கொஞ்சம் சந்தா கட்ட வேண்டும், கட்டுங்கள், தண்டம் இல்லை. ஆனால் 'வகுப்பில் 30 சதவீதம் வெளி மாநிலம்' என்பதைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியது, விண்ணப்பித்த வெளிமாநிலத்தவரில் எத்தனை பேருக்கு இன்டர்வியூ என்பதை. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு பள்ளிக்கு வெளியிலிருந்து 1,000 பேர் விண்ணப்பித்து 40 பேரைக் கூப்பிடுகிறார்கள், இன்னொன்றுக்கு 2,000 பேர் விண்ணப்பித்து 300 பேரைக் கூப்பிடுகிறார்கள். கூட்டம் அதிகம் இருப்பது இரண்டாவதில், வாய்ப்பும் இரண்டாவதில்தான்.

இன்னொரு கண்ணி உண்டு. டென்டல் ஸ்கூல் இல்லாத மாநிலங்கள் வேறு மாநிலப் பள்ளியோடு ஒப்பந்தம் போட்டுச் சில இடங்களை வாங்கி வைத்திருக்கும். கான்சஸ்காரர்களுக்கு மிசூரியின் கான்சஸ் சிட்டிப் பள்ளி, ஐடஹோக்காரர்களுக்கு ஒமாஹாவின் கிரைட்டன் என்று. அந்தப் பிள்ளைகளும் எண்ணிக்கையில் 'வெளி மாநிலம்' என்றே வருவார்கள். உங்கள் மகளுக்கு அந்த இடங்கள் இல்லை.

அவளுக்கென்று இருக்கும் இடம் எது தெரியுமா? டெலவேரிலும் டென்டல் ஸ்கூல் கிடையாது. அதனால் உங்கள் மாநிலம், பிலடெல்பியாவில் இருக்கும் டெம்பிள் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்து, டெலவேர்வாசிகளுக்கெனச் சில இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் கூட ஆகாத ஊர். 19 பள்ளியில் டெம்பிள் பெயரே இல்லை! நீங்கள் பார்த்த வரிசையில் கீழே இருந்திருக்கும், எக்செல் வரை வந்து சேரவில்லை. முதல் வரியில் அதைப் போடுங்கள்.

அதற்கடுத்து, வீட்டுக்கு அருகே இருக்கும் அரசுப் பள்ளிகளில் பால்டிமோரில் மேரிலாந்து பல்கலைக்கழகம், ரிச்மண்டில் வி.சி.யூ. (வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம்) இரண்டும் வெளியாரை நன்றாகவே எடுக்கின்றன. 1840-ல் தொடங்கிய பால்டிமோர் பள்ளிதான் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி என்பது கூடுதல் செய்தி, இன்டர்வியூவில் அதைச் சொல்லி அசத்த நினைக்க வேண்டாம், எல்லாரும் சொல்வார்கள். கென்டக்கியின் லூயிவில் வெளி மாநிலத்தவருக்குப் பெயர் பெற்ற அரசுப் பள்ளி. தனியார் பள்ளிகளில் பெரும்பாலும் உள்ளூர், வெளியூர் பேதம் இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகம் (என்.ஒய்.யூ.) நாட்டிலேயே பெரிய வகுப்பு. பாஸ்டனில் டஃப்ட்ஸ், பி.யூ. (பாஸ்டன் பல்கலைக்கழகம்), கிளீவ்லாந்தில் கேஸ் வெஸ்டர்ன், இவையெல்லாம் எங்கிருந்து வந்தாலும் கதவைத் திறப்பவை. ஆனால் அங்கேதான் மொத்தச் செலவு எழுதும் அந்த இரண்டாவது பத்தி கண்ணைக் குத்தும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மூத்த மாணவர்கள் 'லோன் போட்டுக்கலாம் ஆன்ட்டி' என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் காலத்தில் சரி. கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன், பள்ளி சொல்லும் மொத்தச் செலவு வரைக்கும் கிடைத்தது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. டென்டல் போன்ற தொழிற்படிப்புக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர், அவ்வளவுதான். உங்கள் மகள் இந்தப் புதிய விதியின் கீழ்தான் வருவாள்.

இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஃபீஸ், வாடகை, கருவி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,30,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியக் கடன் போக ஆண்டுக்கு 80,000 துண்டு விழும். நான்கு வருடத்தில் 3,20,000. அதைத் தனியார் வங்கியில்தான் வாங்க வேண்டும், வங்கி பெரும்பாலும் இணைக் கையெழுத்து கேட்கும். அந்தக் கையெழுத்து உங்கள் வீட்டுக்காரருடையது. இரண்டாவது பையன் கல்லூரிக்குப் போகும் வருடமும் இதற்குள்ளேயே வருகிறது என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரியும். இன்றே அவரையும் மகளையும் உட்கார வைத்து, 'எங்களால் ஆண்டுக்கு இவ்வளவு முடியும்' என்று ஒரு எண்ணைச் சொல்லிவிடுங்கள். அட்மிஷன் கிடைத்த பிறகு சொன்னால் வீடு இழவு வீடாகிவிடும். பார்த்திருக்கிறேன்.

அரசுப் பள்ளியில் வெளி மாநிலக் கட்டணமும் லேசுப்பட்டதில்லை. ஆனால் சில மாநிலங்களில் ஓராண்டு குடியிருந்தபின், இரண்டாம் ஆண்டிலிருந்து உள்மாநிலக் கட்டணத்துக்கு மாறலாம். கலிபோர்னியாவின் யூ.சி. (கலிபோர்னியா பல்கலைக்கழக) பள்ளிகளில் இப்படி மாறுபவர்கள் உண்டு. வேறு சில மாநிலங்கள், 'நீ படிக்கத்தானே வந்தாய்' என்று கடைசி வரை கதவைத் திறக்காது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், சீனியர் ஒருவர் 'எல்லாருக்கும் மாத்திக் கொடுப்பாங்க' என்று சொன்னதை நம்பி ஒரு அரசுப் பள்ளியில் சேர்ந்தான். லைசென்ஸ், ஓட்டர் பதிவு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அந்த ஊருக்கு மாற்றினான். ஆனால் அப்பா தன் டாக்ஸ் ரிட்டர்னில் அவனை டிபென்டென்ட் (தன்னைச் சார்ந்தவன்) என்று காட்டியிருந்தார். அந்த ஒரு தாளில் எல்லாம் போயிற்று. எதிர்பார்த்ததைவிட மூன்று வருடம் கூடுதல் கட்டணம் கட்டினார்கள். அதனால் அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். 'மாறலாமா?' என்று கேட்டால் 'விண்ணப்பிக்கலாம்' என்றுதான் பதில் வரும். 'போன வருடம் முதலாண்டு முடித்த வெளி மாநிலத்தவரில் எத்தனை பேர் மாறினார்கள்?' என்று கேட்கட்டும்.

உங்கள் தங்கை மகன், பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருப்பதாகவும் அவனுக்கும் இதே பட்டியல் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது. 21 வயதுக்குள் கிரீன் கார்டு வராவிட்டால் அவன் எஃப்-1 எனும் வெளிநாட்டு மாணவர் விசாவுக்கு மாற வேண்டியவன், பல பள்ளிகளில் 'இன்டர்நேஷனல்' கணக்கு. டெலவேரிலேயே வளர்ந்தவனாக இருந்தாலும் அப்படித்தான். மத்தியக் கடனும் கிடையாது. அவனுக்குத் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், தங்கையைப் பேசச் சொல்லுங்கள்.

எத்தனை பள்ளி என்பதற்கு என் பதில் 12 முதல் 15. உங்கள் மகளின் 3.6 ஜி.பி.ஏ. (கல்லூரி மதிப்பெண் சராசரி) நல்லதுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஆறேழில் நிறுத்திக்கொள்ள முடியாது. பொது விண்ணப்பமான ஆட்சாஸில் முதல் பள்ளிக்கு 250 டாலருக்கு மேல், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 100-க்கு மேல். 15 என்றால் அதுவே 1,500-ஐத் தாண்டும். பிறகு பள்ளிகள் தனித்தனியாகக் கேட்கும் துணை விண்ணப்பக் கட்டணம். எண்ணிக்கையை விட முக்கியம் தேதி. வருபவர்களை வர வர எடுத்துப் பார்க்கும் முறை இது. ஜூன் முதல் வாரத்தில் அனுப்பியவளும் செப்டம்பரில் அனுப்பியவளும் ஒரே மதிப்பெண் வைத்திருந்தாலும் ஒன்றல்ல. முதல் சுற்று அட்மிஷன் செய்தி டிசம்பர் நடுவில் வரும்போது இன்டர்வியூ நாட்கள் பெரும்பகுதி நிரம்பியிருக்கும்.

டாட் எனும் டென்டல் ஸ்கூல் நுழைவுத் தேர்வை மே மாதத்துக்குள் முடித்துவிடட்டும். 2025 மார்ச் முதல் அதன் மதிப்பெண் 200-லிருந்து 600 வரை என்று மாறிவிட்டது. பழைய கணக்கில் 'நான் 21 வாங்கினேன்' என்று சொல்லும் அண்ணன்மாரின் கணக்கை இதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

பாடத்திட்டத்தையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். புளோரிடாவின் லீகாம் பள்ளியில் விரிவுரையை விடக் குழுவாக உட்கார்ந்து நோயாளிக் கதையை அலசுவது அதிகம். கூச்ச சுபாவம் என்று எழுதியிருக்கிறீர்கள், அவளுக்கு அது ஒத்துவருமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் பசிபிக் பள்ளியில் மூன்றே வருடத்தில் முடித்துவிடலாம். ஒரு வருட வாடகை மிச்சம், ஆனால் மூச்சுவிட நேரமில்லை.

அப்புறம், கேட்காமலே ஒன்று சொல்கிறேன். ஹைஸ்கூலில் படிக்கும்போது டெலவேர் டெக் கல்லூரியில் இரண்டு கோர்ஸ் எடுத்தாள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அதற்கும் ஆட்சாஸுக்கு டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் சான்று) போக வேண்டும். ஒரே ஒரு கோர்ஸ் எடுத்த கல்லூரியாக இருந்தாலும் தாள் வராதவரை விண்ணப்பம் நகராது. ஏப்ரலிலேயே அங்கே கேட்டு வையுங்கள்.