வடபழனி அபார்ட்மென்டில் வீல் போல்ட் மாற்றலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே. மலேசியாவின் கிள்ளானிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து வடபழனியில் வாடகைக்கு இருக்கிறீர்கள். செகண்ட்ஹேண்டில் வாங்கிய பழைய ஹூண்டாய் ஐ20-இல் பஞ்சர் போட்ட இடத்தில் முன்சக்கரத்து வீல் போல்ட் ஒன்று முறிந்துவிட்டது. ஊரில் என்றால் வீட்டு வாசலில் வைத்து நீங்களே மாற்றியிருப்பீர்கள். இங்கே அபார்ட்மென்டில் அதைச் செய்யலாமா, யாராவது ஏதாவது சொல்வார்களா?

செய்யலாம். முன்சக்கரம், டிஸ்க் பிரேக், அதனால் ஒரு காலைப்பொழுது வேலைதான். சொல்வார்கள் என்பதும் உண்மை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், நாலில் மூன்று இருக்கிறதே என்று வண்டியை ஆபீசுக்கு எடுக்காதீர்கள். போன போல்ட்டின் பாரத்தை மற்ற மூன்றும் சுமக்கின்றன. அவையும் அதே கையால் அதே முறுக்கு வாங்கியவை. தெருமுனை மெக்கானிக் வரை உருட்டிக்கொண்டு போகலாம், ஈ.சி.ஆர். மாதிரி வேகமாக ஓட்டும் சாலைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

ஏன் முறிந்தது என்று பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. இங்கே பஞ்சர் கடையில் எல் ஸ்பானரை மாட்டி, அதன் மேல் ஏறி நின்று ஒரு குதி குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஐ20-க்குக் கையேட்டில் இருக்கும் இறுக்கம் 88 முதல் 107 நியூட்டன் மீட்டர் வரை (புது மாடலுக்குக் கூடும், உங்கள் கையேட்டைப் பாருங்கள்). 40 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 25 கிலோ அளவுக்கு அழுத்தினாலே அது வந்துவிடும். 70 கிலோ ஆள் சும்மா ஏறி நின்றாலே 270-ஐத் தாண்டுகிறது, குதித்தால் கேட்கவே வேண்டாம். போல்ட் ஓரளவுக்கு மேல் இழுபட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. உடைவது அன்றைக்கே நடக்க வேண்டும் என்பதில்லை, அடுத்த முறை கழற்றும்போதும் போகலாம். அதனால் உங்களுக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் காலத்துக் குதியாகக்கூட இருக்கும். மற்ற மூன்றிலும் நட்டைக் கையால் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். நடுவில் பிடித்தால் அதன் மரையும் போய்விட்டது. என்னைக் கேட்டால் அந்தச் சக்கரத்தில் நாலையும் மாற்றிவிடுவேன். விலை பெரிய விலை இல்லை.

சாமானுக்கு, புது உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவு, பம்பர், கண்ணாடி வாங்கலாம். பழைய வீல் போல்ட் மட்டும் வாங்காதீர்கள், அது எத்தனை குதி வாங்கியது என்று யாருக்குத் தெரியும். உடைந்த துண்டையும் ஒரு நட்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். உங்கள் ஹூண்டாய்க்குத் தடிமன் 12 எம்.எம்., மரைக்கு மரை இடைவெளி 1.5 எம்.எம். மாருதிக்கு அதே 12, ஆனால் மரை 1.25. கடைக்காரர் அவசரத்தில் மாற்றி எடுத்துக் கொடுத்தால் நட்டு இரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். அங்கேயே நட்டைப் போட்டுப் பாருங்கள், பற்கள் உள்ள அடிப்பகுதியின் தடிமனையும் நீளத்தையும் பழையதோடு ஒட்டிப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் வண்டி என்பதால் ஒரிஜினல் கிடைப்பதில் சிரமமில்லை. பில் கேட்டு வாங்குங்கள். வண்டியில்லாமல் எப்படிப் போவது என்றால், மெட்ரோவில் எல்.ஐ.சி. ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம்.

இப்போது அக்கம்பக்கத்துக்கு வருவோம். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை போர்ச்சில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்காத ஆளைப் பார்ப்பது கஷ்டம். இங்கே அப்படியில்லை. கூப்பிட்டால் ஆள் வீட்டுக்கே வருவார், கூலியும் கட்டுப்படியாகும், அதனால் சட்டையில் கிரீஸோடு உட்கார்ந்திருக்கும் வாடகைக்காரர் ஒரு காட்சிப்பொருள். முதலில் வாட்ச்மேன் வருவார். அப்புறம் மூன்றாவது மாடி சார் வந்து "ஏன், மெக்கானிக் வரலையா?" என்பார். அது குறை சொல்வதில்லை, அக்கறை. அசோசியேஷன் செயலாளரிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தரையில் பழைய அட்டை விரித்துக்கொள்ளுங்கள். மதியத் தூக்க நேரத்தில் மட்டும் சுத்தியல் அடிக்காதீர்கள், அதற்கு உண்மையாகவே சண்டை வரும்.

வேலை நீங்கள் அறிந்ததுதான், இடறும் இடங்களை மட்டும் சொல்கிறேன். பார்க்கிங்கில் பேவர் கல் போட்டிருந்தால் ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகை வையுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு, கூடவே கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கும் வழக்கம் இங்கே உண்டு, அதைச் செய்யாதீர்கள்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரைக் கழற்றியதும் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூ இந்த ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் துருவேறி ஒட்டியிருக்கும். முந்தின இரவே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்தால் தலை வழுக்காமல் வரும். பிறகு ஹப்பை, அதாவது போல்ட்டுகள் பதிந்திருக்கும் நடுப்பகுதியை, சுற்றி, பின்பக்கம் போல்ட் வெளியே வர இடம் இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். அப்படி ஓர் இடமே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஹப்பைப் பிடுங்கினால் பேரிங்கும் சேர்ந்து போகும், அது பார்க்கிங்கில் செய்கிற வேலை இல்லை.

இடம் இருந்தால், கனமான சுத்தியலால் நேராக அடித்துப் பழையதை வெளியேற்றுங்கள். சின்ன சுத்தியலால் நூறு தடவை தட்டினால் பேரிங்குக்குத்தான் கேடு. புதியதைப் பின்னாலிருந்து நுழைத்து, பற்களைப் பழைய தடத்தில் பொருத்தி, முன்னால் கிரீஸ் தடவிய தடித்த வாஷர் நாலைந்தை அடுக்குங்கள். அதன் மேல் ஒரு பழைய நட்டைத் தட்டை முகம் வாஷரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக் கைஸ்பானரால் இழுங்கள். ஹப் சுற்றாமலிருக்க மற்ற இரண்டு போல்ட்டில் நட்டை ஏற்றிவிட்டு நடுவே கடப்பாரை கொடுக்கலாம். இழுக்க இழுக்க ஒரே சீராக வந்துகொண்டிருக்கும், பிறகு சட்டென்று இறுகும். உடனே நம்பிவிடாதீர்கள். பின்னால் விரலை விட்டுத் தடவுங்கள், போல்ட் தலைக்கும் ஹப்புக்கும் நடுவில் நகம்கூட நுழையக் கூடாது. இடைவெளி மிச்சம் வைத்தால் வண்டி ஓடும்போது போல்ட் தானாக உட்காரும், நட்டு தளரும். இழுக்கப் பயன்பட்ட நட்டைத் தூக்கிப் போடுங்கள்.

சக்கரத்தை மாட்டும்போது மரையில் கிரீஸ் இருந்தால் துடைத்துவிடுங்கள், கையேட்டுக் கணக்கு உலர்ந்த மரைக்கானது. குறுக்கும் நெடுக்குமாக இறுக்குங்கள். கிளப்புமுன் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துக்கொள்ளுங்கள், முதல் மிதி உள்ளே போகலாம். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் போட்டுப் பாருங்கள். அந்த ரெஞ்சையும் ஜி.பி. ரோட்டிலேயே வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பஞ்சரின்போது, "அண்ணே, கையால் ஏற்றி விடுங்கள் போதும், நான் இறுக்கிக்கொள்கிறேன்" என்று சொன்னால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், ஆனால் விட்டுவிடுவார்.