ஒரே ஷாட்டில் எடுத்ததுதானா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நெட்ஃப்ளிக்ஸில் ‘அடோலசன்ஸ்’ தொடரின் நான்கு பகுதிகளையும் பார்த்து முடித்தேன். ஒவ்வொரு பகுதியும் நடுவில் வெட்டே இல்லாமல் எடுத்த ஒரே ஷாட் என்கிறார்கள். என் நண்பர் நம்ப மறுக்கிறார். ‘1917’ மாதிரி நடுவில் ஒட்டியிருப்பார்கள் என்கிறார். இரண்டாம் பகுதியின் முடிவில் கேமரா வானத்தில் ஏறுகிறதே, அது எப்படி?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

நண்பர் சந்தேகப்படுவதில் தப்பில்லை. ‘1917’ நீண்ட ஷாட்கள் பலவற்றை ஒட்டியெடுத்த படம்தான். ஃபிரேம் முழுக்க இருண்டாலோ, ஒரு முதுகோ தூணோ லென்ஸை மறைத்தாலோ, கேமரா வெடுக்கென்று திரும்பிப் படம் கலங்கினாலோ அங்கே ஒட்டு இருக்கலாம். 1948இல் ‘ரோப்’ எடுத்த ஹிட்ச்காக்குக்கு வேறு வழியில்லை. 1000 அடி ஃபிலிம் சுமார் 11 நிமிடம்தான் ஓடும். அதனால் சில இடங்களில் கேமராவை நடிகரின் கோட்டு முதுகுவரை கொண்டுபோய் ரோலை மாற்றினார்.

‘அடோலசன்ஸ்’ தொடரில் அப்படி ஒட்டு இல்லை. ஒரு பகுதிக்கு மூன்று வாரம். முதல் வாரம் நடிகர்களுக்கு ஒத்திகை, அடுத்த வாரம் கேமராவோடு ஒத்திகை, மூன்றாவது வாரம் படப்பிடிப்பு, நாளுக்கு இரண்டு டேக் (பகுதியைத் தொடக்கத்திலிருந்து எடுக்கும் ஒரு முயற்சி) என்பது கணக்கு. முதல் பகுதியில் நாம் பார்ப்பது 2வது டேக், நான்காம் பகுதியில் 16வது. டிஜேஐ ரோனின் 4டி கேமரா ஐந்து கிலோகூட இல்லை என்பதால் ஓட்டத்திலேயே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றலாம்.

நீங்கள் கேட்ட இடத்தில் அந்தக் கேமராவையே ட்ரோனில் மாட்டிப் பறக்கவிட்டார்கள். இறங்கும் இடத்தில் ஆட்கள் பிடித்துக் கழற்றி, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பையனின் அப்பாவாக வரும் ஸ்டீபன் கிரகாமின் முகம்வரை நடந்துபோனார்கள். அந்த நேரம் பார்த்து பலத்த காற்று வீசினால் அதுவரை எடுத்த முக்கால் மணி நேரமும் வீண். இதே பகுதியில் வேறொரு பையன் ஜன்னல் வழியே குதித்து ஓடும்போது பின்னாலேயே கேமராவும் போகிறதே, அங்கே மட்டும் கண்ணாடியைப் பிறகு கணினியில் சேர்த்தார்கள்.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் எனக்கு இரண்டாம் பகுதிதான் பலவீனமாகப் படுகிறது. வெட்ட முடியாததால் கேமரா ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக யாராவது ஒருவர் பின்னால் நடந்தாக வேண்டும். பள்ளித் தாழ்வாரங்களில் அந்த நடை நீள்கிறது. வழக்கமான தொடராக இருந்தால் எடிட்டர் பாதியை வெட்டியிருப்பார்.

மூன்றாம் பகுதியில் இதே தடை வரமாகிறது. ஓர் அறை, ஒரு பையன், ஓர் உளவியலாளர். அவர் வெளியே போனால் நாமும் கூடவே போகிறோம். உள்ளே பையன் என்ன செய்கிறான் என்று காட்ட வழியில்லை. இத்தனைக்கும் முதலில் படமாக்கியது இந்தப் பகுதியைத்தான், பையனாக வரும் ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு. மௌனம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதை எடிட்டிங் மேசை தீர்மானிக்கவில்லை, அவரும் உளவியலாளராக வரும் எரின் டோஹர்ட்டியும்தான் தீர்மானித்திருக்கிறார்கள்.

நண்பரை முதல் பகுதியைச் சத்தமில்லாமல் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வசனம் இழுக்காததால் கண் கேமராமேல் நிற்கும். ஃபிரேம் முழுதாக மறைகிற இடம் ஏதாவது சிக்கினால் நிமிடக் கணக்கோடு எழுதட்டும்.