மாடிக்கு மாடி நிற்கும் லிஃப்ட்

அன்புள்ள ஐயா,

எங்கள் சபையிலிருந்து புனிதப் பயணம் போன குழுவில் அம்மாவும் எருசலேம் போய்வந்தார். சனிக்கிழமை ஓட்டல் லிஃப்ட், யாரும் பொத்தானை அமுக்காமலே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போனதாம். யூதர்களுக்கு அன்று பொத்தானை அமுக்குவதும் வேலைதான் என்றாராம் வழிகாட்டி. "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்று இயேசு இவர்களிடம்தானே சொன்னார் என்கிறார் அம்மா. யூதர்கள் எதைத்தான் நம்புகிறார்கள்?

ஜெ., பாளையங்கோட்டை

அன்புள்ள ஜெ.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கடவுள் ஒருவரே, அவர் இஸ்ரவேலரோடு உடன்படிக்கை செய்து தம் சட்டமான தோராவைக் கொடுத்தார். இதற்கு மேல், உங்கள் சபையில் சொல்லும் விசுவாசப் பிரமாணம் போல எல்லாரும் ஒப்புக்கொண்ட பட்டியல் அங்கே இல்லை. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் 13 கோட்பாடுகளை வகுத்தார். அவற்றோடும் பின்னால் வந்தவர்கள் மல்லுக்கட்டினார்கள். காலையும் மாலையும் ஓதும் 'ஷெமா' அம்மாவுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும்: "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." எதை நம்புகிறீர்கள் என்பதைவிட, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று ஒரு யூதரிடம் கேட்டால் அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

ஆமாம், வெள்ளிக்கிழமை. "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதானே ஆதியாகமத்தில் நாள் பிறக்கிறது. அதனால் சனிக்கிழமை ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும். பொழுது சாயும் முன் வீட்டுப் பெண் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணைப் பொத்திக்கொண்டு ஜெபிப்பார். மேஜையில் திராட்சரசம், துணியால் மூடிய இரண்டு ரொட்டிகள். வனாந்தரத்தில் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் வானத்து உணவான மன்னா இரட்டிப்பாகக் கிடைத்ததே, அந்த நினைவு. நீதிமொழிகளின் "குணசாலியான ஸ்திரீ" பகுதியைக் கணவர் மனைவிக்காகப் பாடுவார். (நாம் அதைக் கல்யாணப் பிரசங்கத்தோடு மூட்டை கட்டிவிடுகிறோம்.)

சரி, லிஃப்ட். விலக்கப்பட்டது களைக்க வைக்கும் வேலை என்று நினைத்தால் எதுவும் புரியாது. எபிரேயச் சொல் 'மெலாகா'. தேவன் ஏழாம் நாளில் நிறுத்திய படைப்பு வேலைக்கும் அதே சொல். யாத்திராகமத்தில் வழிபாட்டுக்கான ஆசரிப்புக் கூடாரம் செய்த வேலைக்கும் அதே சொல். கூடாரக் கட்டளையை ஒட்டியே ஓய்வுநாள் கட்டளையும் வருவதால், கூடாரம் செய்யத் தேவைப்பட்டவையே விலக்க வேண்டிய வேலைகள் என்றார்கள் யூத மத ஆசிரியர்களான ரபிகள். கி.பி. 200 வாக்கில் தொகுத்த யூதச் சட்ட நூலான மிஷ்னா அவற்றை 'நாற்பதில் ஒன்று குறைய' என எண்ணுகிறது: உழுவது, நெய்வது, தைப்பது, தீ மூட்டுவது, கட்டுவது... ஆக, வீட்டுக்குள் கனமான மேஜையை வியர்க்க வியர்க்க நகர்த்தலாம். இரண்டு எழுத்து எழுதக் கூடாது.

மின்சாரம் இதில் எங்கே வரும்? மின்சுற்றை முழுமையாக்குவது 'கட்டுவது' என்றார் ஹஸோன் இஷ் என்று அறியப்பட்ட ரபி. இன்னொரு ரபி ஷ்லோமோ ஸல்மான் அவர்பாக் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆனாலும் வழக்கமாகிவிட்டதை மாற்ற வேண்டாம் என்றார். அம்மா ஏறிய லிஃப்ட் மீதும் சண்டை உண்டு. மேலே போகலாம், இறங்கும்போது மட்டும் உங்கள் எடையும் மோட்டாரோடு சேர்ந்து வேலை செய்கிறதே என்பது ஒரு கட்சி. 2009இல் எல்யாஷிவும் வேறு சில மூத்த ரபிகளும் அந்த லிஃப்டே கூடாது என்றார்கள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இந்த மதத்தில் பிடித்ததே இந்தச் சண்டைதான். தோற்ற கருத்தையும் எழுதி வைப்பார்கள். பழங்கால ஆசிரியர் ஹில்லேலின் வழியினரின் தீர்ப்பு ஏன் நிலைத்தது என்பதற்கு, ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தால்மூத் சொல்லும் காரணங்களில் ஒன்று: எதிர்க்கட்சியான ஷம்மாய் வழியினரின் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தங்களுடையதைச் சொன்னார்களாம்.

அப்புறம், அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் சொன்ன வசனத்துக்கு ஒரு கூடப்பிறந்த வாக்கியம் தால்மூதிலேயே இருக்கிறது: ஓய்வுநாள் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் அதன் கையில் ஒப்படைக்கப்படவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறியே ஆக வேண்டும். ஆசாரமான யூத மருத்துவரும் அன்று காரை எடுப்பார். இயேசு பேசியதும் இந்த விவாதத்துக்கு உள்ளே நின்றுதான். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் வழக்கு.

சனிக்கிழமை இரவு வானில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் பின்னல் மெழுகுவர்த்தி ஏற்றி, கிராம்பு போன்ற வாசனைப் பொருளை முகர்ந்து, சுடரைத் திராட்சரசத்தில் அணைத்து ஓய்வுநாளை முடிப்பார்கள். அதற்குப் பிறகு அம்மா அறைக்குத் திரும்பியிருந்தால், பொத்தானை அவரே அமுக்கியிருப்பார்.