கோர்ஸ் வேண்டாம், அந்த எக்செல் ஷீட் போதும்

வணக்கம் அம்மா.

படிப்பை விட்டுவிட்டு இணையத்தில் டிஜிட்டல் பொருள் விற்கப் போகிறான், அதற்கு ஒரு கோர்ஸுக்குப் பணம் கேட்கிறான் என்று போன வாரம் நீங்கள் பேசி முடிக்கும்வரை உங்கள் மகன் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தான். "ஒரு வாட்டி செஞ்சு வெச்சா போதும்மா, தூங்கும்போதும் காசு வரும்." உங்களுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை, அவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவனை வைத்துக்கொண்டு சொன்னால் உங்கள் கட்சி என்று நினைத்துவிடுவான். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவனும் படிக்கட்டும்.

முதலில் உண்மையான பாதி. மேசை செய்கிறவர் 100 மேசை விற்க 100 மேசை செய்தாக வேண்டும். கணினியில் செய்யும் கோப்பு அப்படியில்லை. மின்நூல், வீடியோ பாடம், எழுத்துரு, போட்டோவின் நிறத்தை ஒரே தட்டில் மாற்றும் பிரீசெட், நோஷன் என்ற குறிப்பெழுதும் செயலிக்கான டெம்ப்ளேட், எக்செல் ஷீட் என்று எதுவானாலும் ஒரு முறை உழைத்தால் நூறாவது ஆளுக்கும் அதே கோப்புதான் போகிறது. கிடங்கு வேண்டாம், சரக்கு தேங்காது. ஆனால் இதே வசதி எல்லோருக்கும் இருக்கிறது. சந்தையில் அன்றாட வேலையைக் குறித்துவைக்கும் டெய்லி பிளானர் குவிந்து கிடப்பது அதனால்தான்.

இப்போது அந்த கோர்ஸ் விஷயம். நீங்கள் காட்டிய விளம்பரத்தை இரண்டு முறை படித்தேன். 'மாஸ்டர் ரீசெல் ரைட்ஸ்' என்று ஒரு வரி இருந்தது, கவனித்தீர்களா? கோர்ஸை வாங்குகிறவர் அதையே திருப்பி விற்கலாம், முழுக் காசும் அவருக்கே, அவரிடம் வாங்கியவரும் விற்கலாம். சரி, கோர்ஸுக்குள் என்ன இருக்கிறது? அந்த கோர்ஸை எப்படி விற்பது என்ற பாடம்தான் பெரும்பாலும். ஒவ்வொருவரும் மூன்றே மூன்று பேருக்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது படியில் 59,049 பேர் வேண்டும். இருபதாவது படியில் சுமார் 349 கோடிப் பேர். அவ்வளவு பேருக்கு எங்கே போவது? முதலில் ஏறியவர்கள் சம்பாதித்திருப்பார்கள், அவர்கள் காட்டும் ஸ்கிரீன்ஷாட் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் மகன் கடைசிப் படியில் நிற்கிறான், அவ்வளவுதான். அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

பேச்சுவாக்கில் நீங்கள் இன்னொன்று சொன்னீர்கள். அவன் செய்த ஏதோ எக்செல் ஷீட்டை சிவில் வகுப்பில் பாதிப் பேர் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று. நீங்கள் அதைப் புகாராகச் சொன்னீர்கள். எனக்கு அந்த இடத்தில்தான் காது நிமிர்ந்தது.

கிளம்பும்போது அவனிடம் கேட்டேன். பார் பெண்டிங் ஷெட்யூல், அதாவது கட்டடத்துக்கு எந்தக் கம்பி, எவ்வளவு நீளம், எத்தனை துண்டு என்ற பட்டியல் போடுகிற ஷீட். கம்பியின் எடை கண்டுபிடிக்க சைட்டில் எல்லோரும் சொல்வது 'டி ஸ்கொயர் பை 162'. அதாவது விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கம் செய்து 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 16 மி.மீ கம்பி என்றால் 1.58 கிலோ. இந்தக் கணக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். அவன் ஷீட்டில் அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. 3.1 மீட்டர் நீளத்தில் 100 துண்டு வேண்டும் என்று வையுங்கள். மொத்தம் 310 மீட்டர், 12 மீட்டர் கம்பியில் 26 போதும் என்று தோன்றும். ஆனால் ஒரு கம்பியில் மூன்று துண்டுதான் வெட்ட முடியும், 2.7 மீட்டர் மிஞ்சும். ஆக 34 கம்பி வாங்க வேண்டும். அந்த மிச்சத்தை வேறு எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதையும் அவன் ஷீட் காட்டுகிறதாம். இந்த எட்டுக் கம்பி வித்தியாசத்தால் தலையைப் பிய்த்துக்கொள்கிற சின்ன கான்ட்ராக்டர் இதைக் காசு கொடுத்து வாங்குவார்.

தம்பி, இனி உனக்கு. உன் சரக்கு இதுதான், பிளானர் இல்லை.

நானே ஒரு முறை சூடுபட்டவன். நேர்காணலுக்குத் தயாராவது பற்றி 60 பக்கத்தில் ஒரு மின்நூல் செய்தேன். அட்டைக்கு மட்டும் ஒரு வாரம் மினக்கெட்டேன். நாலு பேர் வாங்கினார்கள், அதில் இரண்டு பேர் என் தங்கைகள். மற்ற இரண்டு பேரிடமும் கேட்டபோது, சம்பளம் பற்றிப் பேசும் ஒரு பக்கத்தை மட்டும் படித்ததாகச் சொன்னார்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் முதலில் பத்துப் பேரிடம் காட்டியிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

அதனால் ஷீட்டை அழகுபடுத்த இன்னும் உட்காராதே. உன் வகுப்பில் இல்லாத, உன்னைத் தெரியாத ஒரு சைட் இன்ஜினியர் அதைத் திறந்து பயன்படுத்துவதைப் பக்கத்தில் இருந்து பார். வாயைத் திறக்காதே. எங்கே தடுமாறுகிறாரோ அங்கே திருத்து. மேக்ரோ, அதாவது ஷீட்டுக்குள் தானாக ஓடும் சின்ன நிரல், போட்டிருந்தால் எடுத்துவிடு. இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளில் மேக்ரோ ஓடுவதை மைக்ரோசாஃப்ட் 2022இலிருந்து தானாகவே தடுக்கிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு முதலில் தெரிவது சிவப்பு எச்சரிக்கையாக இருந்தால் உடனே பணத்தைத் திருப்பிக் கேட்பார். ஃபார்முலா உள்ள கட்டங்களைப் பூட்டி வை. கம்பி முனையை மடக்கும் கொக்கி நீளமும், வளைக்கும்போது நீளத்தில் கழிக்கும் வளைவுக் கழிவும் நாட்டுக்கு நாடு விதி மாறும், அவற்றை மட்டும் பயன்படுத்துகிறவரே மாற்றும்படி விடு. உன் கணக்கில் பிழை இருந்தால் அவருக்குக் கம்பி வீணாகும், விளையாட்டில்லை. உங்கள் பேராசிரியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே விலை போடு.

எங்கே விற்பது என்பதை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், அது கடைசிக் கேள்வி. எட்ஸி என்ற இணையச் சந்தையில் பிளானர் தேடி வருகிறவர்கள் அதிகம், கம்பி வெட்டுகிறவர்கள் அங்கே வரமாட்டார்கள். டிஜிட்டல் கோப்புகளை விற்க உதவும் கம்ரோடு தளத்தில் நீயே ஆளைக் கூட்டி வந்தால் 10 சதவீதமும் அதோடு 50 சென்டும் பிடிப்பார்கள், அவர்கள் சந்தை வழியாக ஆள் வந்தால் 30 சதவீதம். அந்த 50 சென்ட்டைச் சும்மா நினைக்காதே, ஒரு டாலருக்கு விற்றால் பாதி அதிலேயே போய்விடும். வீடியோ பாடம் விற்கும் யூடெமி தளத்திலும் இதே கதைதான். உன் கூப்பனில் வந்தவர் கோர்ஸ் வாங்கினால் 97 சதவீதம் உனக்கு, அவர்களாகவே சந்தையில் விற்றால் 37. இரண்டு இடத்திலும் ஆளைக் கூட்டி வருகிறவருக்குத்தான் காசு. அதனால் வாங்குகிறவரிடம் சம்மதம் கேட்டு அவர் மின்னஞ்சலை வாங்கி வை. தளம் நாளைக்கு விதியை மாற்றினாலும் அந்தப் பட்டியல் உன்னிடம் இருக்கும்.

யாராவது காப்பியடித்து இலவசமாகப் பகிரத்தான் செய்வார்கள். துரத்திக்கொண்டு ஓடாதே, புதுப் பதிப்பைக் காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் அனுப்பு.

அப்புறம் அந்தத் தூக்கத்தில் வரும் காசு. கோப்பு தூங்காது என்பது சரிதான், ஆனால் "ஓபன் ஆகலை" என்று ராத்திரி பதினொரு மணிக்கு வரும் மெசேஜும் தூங்க விடாது. முதல் வருடம் அப்படித்தான் இருக்கும்.

அம்மா, படிப்பை விட்டுவிடுவேன் என்கிறானே என்று நீங்கள் அழுததற்கு வருகிறேன். விடக்கூடாது. பட்டம் இருந்தால்தான் மரியாதை என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த ஷீட் வகுப்பிலும் சைட்டிலும் பிறந்தது. அடுத்தது எது என்பதும் அங்கேதான் அவன் கண்ணில் படும். வீட்டில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் விற்பதைப் பார்த்து அதையே செய்ய ஆரம்பிப்பான். ஒருவேளை ஒன்றுமே விற்காமல் போனாலும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மேசையில் எடுத்துக்காட்ட அவனிடம் ஒரு பொருள் இருக்கும். வாரத்தில் ஆறு மணி நேரம், செமஸ்டர் தேர்வு வந்தால் அதுவும் கிடையாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் "எவ்வளவு வந்துச்சு" என்று தினமும் கேட்காதீர்கள். மூன்று மாதத்தில் முன்பின் தெரியாத பத்துப் பேர் வாங்கினால் மேலே பேசலாம். வாங்கவில்லை என்றால் ஏன் வாங்கவில்லை என்று பார்த்தும் வாங்காத பத்துப் பேரிடம் கேட்டு வரட்டும்.

வரவு செலவை முதல் விற்பனையிலிருந்தே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், வரி கட்டும் நேரத்தில் தேட வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த சைட் இன்ஜினியர் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன், ஷீட்டை அவர் கையில் கொடுத்துப் பார்ப்போம்.